கழுத்துக்குக் கீழே, முட்டிக்கு மேலே

மனிதத் தலையின் விலை இருபத்தைந்தாயிரம் டாலர் என்று அந்த அக்டோபரில், ஆட்டங்களை நடத்துகிற லீக் நிர்ணயித்தது. இரண்டாவது தலை ஐம்பதாயிரம். மொத்தமாக எடுப்பவனுக்கு விலை குறைவதுதான் ஊர் உலகத்துக் கடைவீதி வழக்கம், இங்கே ஏறியது. மூன்றாவது தலைக்கு அவர்கள் விலையே சொல்லவில்லை. சம்பளமில்லாமல் வீட்டில் உட்கார வேண்டும், எத்தனை வாரம் என்பது அவர்கள் இஷ்டம். ராய்ஸ் கேட்சன் முதல் இரண்டையும் ஒரே மாதத்துக்குள் வாங்கி முடித்திருந்தான். இரண்டாவது அபராதக் கடிதம் புதன்கிழமை காலை, டொலீடோ அணியின் உடை மாற்றும் அறையில், அவனுடைய லாக்கரில் காலணிகளின் மேல் வைக்கப்பட்டிருந்தது. கூரியர் உறை, நல்ல கனமான காகிதம். கல்யாணப் பத்திரிகை மாதிரியே இருக்கிறதே என்று பக்கத்து லாக்கர்க்காரன் எட்டிப் பார்த்தான். மொய் எவ்வளவு என்று எனக்குத் தெரியும், போய் உன் வேலையைப் பார் என்று ராய்ஸ் அதைப் பிரிக்காமலே பைக்குள் திணித்தான்.

கால்பந்து என்று பெயர் வைத்திருக்கிறார்களே தவிர, அமெரிக்காவில் அந்த ஆட்டத்தில் காலுக்கும் பந்துக்கும் அவ்வளவு பழக்கம் கிடையாது. ஒருவன் வீசுவான், ஒருவன் ஓடிப் போய்ப் பிடிப்பான், பிடிப்பவனைச் சாய்ப்பது எதிர் அணிக்காரனின் பிழைப்பு. சாய்ப்பவர்களில் எல்லோருக்கும் பின்னால் நிற்கிற கடைசிக் காவல்காரன் ராய்ஸ். பன்னிரண்டு வருஷமாக அதே இடத்தில் நிற்கிறான். டொலீடோ ஜனங்கள் அவனுக்கு டோல்கேட் என்று பெயர் வைத்திருந்தார்கள். மைதானத்தின் நடுப்பகுதி வழியாகப் பந்தோடு போகிறவன் காசு கட்டாமல் போக முடியாது என்று அர்த்தம். அந்தப் பெயர் போட்ட பனியன்கள் மைதான வாசலில் இருபது டாலருக்கு விற்றன. அதில் பத்துக் காசு அவனுக்கு வந்ததில்லை. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் பெரிய திரையில், நான்கு வருஷத்துக்கு முன்பு அவன் ஒருவனைத் தலையோடு தலை மோதிச் சாய்த்த காட்சியை மேள முழக்கத்தோடு காட்டுவார்கள். அறுபதாயிரம் பேர் எழுந்து கத்துவார்கள். அபராதக் கடிதம் வந்த வாரமும் காட்டினார்கள். திரைக்குக் கீழே நின்றுகொண்டு, இதே சரக்கைத்தானே போன மாதம் கள்ளக்கடத்தல் என்று பிடித்தீர்கள் என்று ராய்ஸ் நினைத்துக்கொண்டான்.

அணியின் மேலாளர் அவனை அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, காபி ஊற்றிக் கொடுத்தார். அவர் தன் கையால் காபி ஊற்றினால் விஷயம் பெரிது என்று பொருள். மார்ச் மாதம் இரண்டு வருஷத்துக்குப் புது ஒப்பந்தம் போடுவதாகத்தான் இருக்கிறோம், அதில் மாற்றமில்லை, ஆனால் லீக் வீட்டில் உட்கார வைத்த முப்பத்து நான்கு வயது ஆளுக்குப் புதுச் சம்பளம் எழுத முதலாளி ஒப்ப மாட்டார் என்றார். தப்பான அடிக்கு நடுவர் வீசுகிற மஞ்சள் கொடி மூன்றாவது முறை விழுந்து லீக் அவனை உட்கார வைத்தால், மார்ச்சில் கையெழுத்து இல்லை. வேறு எந்த அணியும் அந்த வயதில் அவனை எடுக்கப்போவதில்லை. அதையும் அவர் சொன்னார், மெதுவாக, நண்பனைப் போல. ராய்ஸ் காபியைக் குடித்து முடித்து, நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டு வந்தான்.

எதிராளியின் தலையில் மோதினால் அபராதம் என்ற சட்டம் பயிற்சி மைதானத்தில் வேறு உருவத்தில் வந்து சேர்ந்தது. மோதிப் பழகுகிற பஞ்சு மூட்டைப் பொம்மைகளின் கழுத்தில் சிவப்பு டேப் ஒட்டியிருந்தார்கள். அதற்கு மேலே ஹெல்மெட் படவே கூடாது. கீழே போ, இன்னும் கீழே போ என்று பயிற்சியாளர் டுவோரக் நாளெல்லாம் கத்தினார். தோளைத் தாழ்த்தி, தலையைத் தாழ்த்தி, இடுப்புக்கும் கீழே போய் மூட்டையைச் சாய்த்தால் சபாஷ் என்றார். பன்னிரண்டு வருஷமாக இந்தப் பொம்மைகளை இடித்துத் தள்ளியவன் அன்றைக்குத்தான் ஒன்றைக் கவனித்தான். அவற்றுக்கு முட்டி கிடையாது. இடுப்புக்குக் கீழே ஒரே உருண்டை, அதன் அடியில் மணல்.

அந்தத் தொழிலில் யாரும் எழுதி வைக்காத ஒரு கட்டுப்பாடு உண்டு. அடுத்தவன் காலில் கை வைக்காதே. தலையில் வாங்கினால் மண்டைக்குள் மணி அடிக்கும், கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும், அல்லது நின்றுவிட்டதாக நினைத்துக்கொள்வார்கள். முட்டியில் வாங்கினால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான். பந்து பிடிக்கிறவன் முழுசாக அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும்போது, வேகமாக ஓடி வருகிறவனுக்கு எஞ்சியிருப்பது மேல் அல்லது கீழ். மேலே போனால் லீக்குக்குப் பணம் கட்ட வேண்டும், கீழே போனால் மனசாட்சிக்கு. லீக்தான் ரசீது அனுப்புகிறது.

லூயிவில் அணி டொலீடோவுக்கு ஆட வந்த ஞாயிற்றுக்கிழமை ராய்ஸ் கீழே போனான். கென்ட்ரெல் ஸ்பைவி என்ற பையன், இருபத்திரண்டு வயது, லீக்கில் முதல் வருஷம். பந்து கொஞ்சம் உயரமாக வந்தது. பையன் எம்பினான், இரண்டு கையும் மேலே, விலா முழுக்கத் திறந்து கிடந்தது. போன வருஷமாக இருந்தால் ராய்ஸ் யோசித்தே இருக்க மாட்டான். இந்த முறை ஓடுகிற ஓட்டத்திலேயே சிவப்பு டேப் கண்ணில் தெரிந்தது, மேலாளரின் காபி தெரிந்தது. தலையைத் தாழ்த்தித் தொடைக்குக் குறி வைத்தான். பையன் அவன் நினைத்ததைவிடக் கொஞ்சம் முன்பாகவே தரையில் காலை ஊன்றிவிட்டான். ஈரக் குச்சியை முறிக்கிற மாதிரி ஒரு சத்தம். கூட்டம் எழுந்து கைதட்டியது. ஒரு நடுவரும் கொடியை எடுக்கவில்லை. ஒருவர் பக்கத்தில் ஓடிப்போகும்போது, நல்ல அடி, அறுபத்து மூணு என்று அவனுடைய எண்ணைச் சொல்லிப் பாராட்டிவிட்டுப் போனார். பையனைத் தள்ளுவண்டியில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். ஏற்றும்போது அவன் கத்தவில்லை. கையில் இன்னும் பந்தைப் பிடித்திருந்தான், யாரோ வாங்கிக்கொண்டார்கள்.

அடுத்த வாரம், எல்லா அணிகளுக்கும் லீக் அனுப்பும் வீடியோவை டொலீடோவின் கூட்ட அறையில் விளக்கை அணைத்துப் போட்டார்கள். முதலில் தப்பான அடிகள், ஒவ்வொன்றின் மேலும் சிவப்புப் பெருக்கல் குறி. பிறகு சரியான அடி என்று பச்சை எழுத்து. ராய்ஸ் ஓடி வருகிறான், தலையைத் தாழ்த்துகிறான், ஸ்பைவி சாய்கிறான். அவன் முதுகு தரையைத் தொட்ட இடத்தில் படம் அப்படியே நின்றது. பாடப்புத்தகத்தில் வைக்க வேண்டிய அடி என்று ஒரு கம்பீரக் குரல் சொன்னது. அறையில் எல்லாத் தலைகளும் அவன் பக்கம் திரும்பின.

"பெருசு வாத்தியார் ஆயிடுச்சுடா," என்றான் பின்வரிசையில் ஒருவன். சிலர் சிரித்தார்கள். ராய்ஸ் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டார்கள்.

அன்று மாலை காரில் உட்கார்ந்தபடியே ஸ்பைவிக்குப் போன் செய்தான். எண்ணை லூயிவிலில் ஆடும் பழைய கூட்டாளி கோர்ட் மேப்ரியிடம் வாங்கியிருந்தான். பையன் மரியாதையாகப் பேசினான், அதுதான் கஷ்டமாக இருந்தது. ஆபரேஷன் முடிந்துவிட்டது, முட்டிக்குள் மூன்று தசைநார் அறுந்திருக்கிறது, ஒரு வருஷம் என்கிறார்கள், அதற்குள் இடத்தில் வேறு ஆள் வந்துவிடுவான் என்றான்.

"எங்க மீட்டிங்லயும் அந்த வீடியோ போட்டாங்கண்ணே. நான் முன்வரிசைல கால நீட்டிட்டு உக்காந்திருந்தேன்."

ராய்ஸ் ஓடிக்கொண்டிருந்த இஞ்சினை அணைத்தான்.

"நீங்க தலைல அடிச்சிருந்தா நான் புதன்கெழம பிராக்டிஸுக்கு வந்திருப்பேன்," என்றான் ஸ்பைவி. குற்றம் சொல்கிற குரலில் இல்லை. பஸ் நேரம் சொல்கிற குரலில்.

லீக் அலுவலகத்திலிருந்து லோரிங் என்பவர் நேரில் புறப்பட்டு வந்தது அதற்குப் பத்து நாள் கழித்து. நல்ல கோட்டு, வழக்கறிஞர் படிப்பு, கையைக் குலுக்கும்போது இன்னொரு கையால் முழங்கையையும் பிடித்துக்கொள்கிற ரகம். பேரத்தை அவர் சுற்றி வளைக்கவில்லை. லீக்கிலேயே அதிக அபராதம் கட்டியவன், இன்று லீக்கிலேயே சரியாக அடிக்கிறவன். இதைவிட நல்ல கதை எங்கே கிடைக்கும்? ராய்ஸ் கேமரா முன்னால் உட்கார்ந்து மூன்று நிமிஷம் பேச வேண்டும். நான் மாறிவிட்டேன், நீங்களும் மாறலாம். பள்ளிக்கூடப் பையன்கள் வரைக்கும் அதைக் காட்டுவார்கள். பதிலுக்கு, மேல்முறையீட்டில் இரண்டாவது அபராதம் ரத்தாகும். அதோடு, இரண்டு குற்றமும் ஏட்டிலிருந்து நீங்கும். மறுபடி கொடி விழுந்தால் அது முதலாவது.

வீட்டில் ரெனிட்டா இதைக் கேட்டுக்கொண்டே சவுரி முடிப் பெட்டிகளுக்கு விலைச்சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தாள். டார் தெருவில் அழகுசாதனக் கடை வைத்திருக்கிறாள். கணவன் ஆடி முடித்த பிறகும் சாப்பிட வேண்டுமே என்று எட்டு வருஷத்துக்கு முன்பு ஆரம்பித்தது. பேரம் என்றால் அவளுக்கு மூக்கு வேர்க்கும். ஐம்பதாயிரத்தை விடு, அது கண்ணைக் கட்டுகிற மிட்டாய், ஏட்டை அழிக்கிறான் பார் அதுதான் சரக்கு என்றாள். மார்ச் மாதக் கையெழுத்து அதில்தான் இருக்கிறது. அப்படியென்றால் போய்ப் பேசட்டுமா என்று கேட்டான். அவள் ஒட்டுவதை நிறுத்தினாள்.

"சட்டம் சரிதான் ராய்ஸ். போட்டவனுங்களத்தான் எனக்குப் புடிக்கல."

"சரிங்கிறியா?"

"போன மாசம் சிக்னல்ல பச்ச விழுந்தும் நீ நின்னுட்டு இருந்த. பின்னாடி எல்லாரும் ஹார்ன் அடிக்கிறான். எங்க போறோம்னு என்னையக் கேட்ட. புள்ளய ஸ்கூல்லேர்ந்து கூட்டிட்டு வரப் போயிட்டிருந்தோம்."

அது தூக்கக் கலக்கம் என்றான். அவள் அதை வாங்கவும் இல்லை, திருப்பிக் கொடுக்கவும் இல்லை. அடுத்த பெட்டியை எடுத்தாள். போய்ப் பேசு, ஆனால் நம்பாததைப் பேசாதே, உனக்குப் பொய் சொல்ல வராது, முகத்தில் விலைச்சீட்டு தொங்கும் என்றாள்.

அணியின் ஒளிப்பதிவு அறையிலேயே ஏற்பாடு செய்திருந்தார்கள். பின்னால் நீலத் திரை, முன்னால் இரண்டு விளக்கு. ராய்ஸ் கோட்டுப் போட்டு, கழுத்துப் பட்டன் மாட்டாமல் வந்திருந்தான். அந்தக் கழுத்துக்குப் பட்டன் மாட்டுகிற சட்டை டொலீடோவில் தைக்கப்படவில்லை. லோரிங் எழுதிக் கொண்டுவந்த தாளை வாசித்துப் பார்த்தான். நல்ல எழுத்து. அவன் அப்பாவைப் பற்றிக்கூட ஒரு வரி இருந்தது, அப்பாவே கேட்டால் யாரப்பா அந்த நல்ல மனுஷன் என்று விசாரிப்பார். அவன் பேசும்போது பக்கத்துத் திரையில் ஸ்பைவியைச் சாய்த்த படம் ஓடும் என்றார்கள்.

"படத்த எங்க நிறுத்துவீங்க?" என்று கேட்டான்.

"ரெண்டு பேரும் கீழ விழுந்த எடத்துல. ஏற்கெனவே வெட்டினதுதான்."

"அவன் எழுந்திரிக்கிற வரைக்கும் ஓட்டுங்க. நான் அதுவரைக்கும் பேசுறேன்."

லோரிங் கேமராக்காரரைப் பார்த்தார். கேமராக்காரர் கேமராவைப் பார்த்தார்.

"அவரு எழுந்திரிக்கலையே, மிஸ்டர் கேட்சன்."

"அப்ப எனக்குப் பேச நெறைய நேரம் இருக்கு."

லோரிங் அசட்டு ஆள் இல்லை. விளக்கை அணைக்கச் சொன்னார், கேமராக்காரரை வெளியே போய் எதையாவது குடித்துவிட்டு வரச் சொன்னார், தன் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். போன மாதம் ஒரு பழைய ஆட்டக்காரரின் மனைவியோடு உட்கார்ந்திருந்ததைச் சொன்னார். அந்த ஆளுக்கு ஐம்பத்தொரு வயது. ராய்ஸ் ஆடுகிற அதே இடத்தில் ஆடியவர். சொந்த வீட்டுக் கழிவறைக்கு வழி தெரியாமல் அலமாரிக் கதவைத் திறந்துகொண்டு நின்றிருக்கிறார். மனைவியைப் பார்த்து, அம்மா எங்கே, நீ யார் என்று கேட்டிருக்கிறார்.

"முட்டி போனவன் கம்பு ஊணிட்டாவது தன் புள்ள கல்யாணத்துக்குப் போவான். யாரு கல்யாணம்னு அவனுக்குத் தெரியும். எனக்கு அது போதும், மிஸ்டர் கேட்சன். நான் அதுக்குத்தான் இந்த வேலைல இருக்கேன்."

ராய்ஸுக்குச் சிக்னலும் பின்னால் அடித்த ஹார்ன்களும் மனதில் வந்தன. அந்த மனிதர் பொய் சொல்லவில்லை என்பது தெரிந்தது. எதிரில் இருப்பவன் பொய் சொன்னால் பேரம் சுலபம். மெய் சொல்லிக்கொண்டே பாதி விலைக்கு வாங்கப் பார்ப்பவனிடம்தான் கஷ்டம்.

"நீங்க சொல்றது சரி. தலைக்கு விலை போட்டீங்க, நல்லது. முட்டிக்கும் ஒண்ணு போடுங்க."

"அத ஒரேயடியா செய்ய முடியாது."

"ஏன்னு நான் சொல்லட்டுமா? ரெண்டையும் மூடினா நாங்க மெதுவாத்தான் வரணும். மெதுவா வந்தா அவன் பந்தப் புடிச்சிட்டுப் போயிடுவான். டமால்னு சத்தம் கேக்காது. சத்தம் கேக்கலன்னா ஞாயித்துக்கெழம டிவி போடுறவன் பாதியாயிடுவான். அதனால மாடிக் கதவப் பூட்டிட்டு, கீழ்க் கதவத் தொறந்து வெச்சிருக்கீங்க. அந்தக் கதவுல வாட்ச்மேனா என் மூஞ்சி வேணுங்கிறீங்க."

லோரிங் மறுக்கவில்லை. தாளை எடுத்து மடித்துப் பையில் வைத்தார். அப்படியானால் பேசியது எதுவும் பேசப்பட்டதாக எடுத்துக்கொள்ள வேண்டாம், இரண்டும் ஏட்டில் இருக்கும் என்றார். கிளம்பும்போது மறுபடி இரண்டு கையாலும் கையைக் குலுக்கினார். வியாபாரம் முறிந்தாலும் கடைக்காரர் வாசல் வரை வந்து வழியனுப்புகிற பழக்கம் அவரிடம் இருந்தது. ராய்ஸுக்கு அது பிடித்தது.

மேலாளர் இந்த முறை காபி ஊற்றவில்லை.

அதன் பிறகு ராய்ஸ் ஒரு வேலை செய்தான். பயிற்சி முடிந்து எல்லோரும் குளிக்கப் போனதும் சிவப்பு டேப் உருளையை எடுத்து, ஒரு பொம்மையின் அடிப்பாகத்தில், முட்டி இருந்திருக்க வேண்டிய உயரத்தில், இன்னொரு சுற்று ஒட்டினான். மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு. இரண்டுக்கும் நடுவில் தோளை வைத்து, கைகளால் வளைத்துக் கட்டிப் பிடித்துச் சாய்க்க வேண்டும். டுவோரக் வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார். நிற்கிற மூட்டைக்கு அது சரி, பறக்கிற மனுஷன் டேப் ஒட்டிக்கொண்டு வர மாட்டான், இந்தச் சந்துக்குள் நீ லாரி ஓட்டப் பார்க்கிறாய் என்றார். பிரேக் போட்டுப் பழகுகிறேன் என்றான் ராய்ஸ். யாரும் அவனை இதைச் செய்யச் சொல்லவில்லை. லீக் கேட்டது மேல்கோடு மட்டும். கீழ்க்கோடு அவன் சொந்தச் செலவில் போட்டது.

அதன் விலை உடனே தெரிந்தது. அரை வினாடி தாமதித்து, தலையை நிமிர்த்தி, தோளைக் கொடுத்து வரும்போது ஆள் நழுவிவிடுகிறான். டேட்டன் அணியோடு ஆடியபோது இரண்டு பேர் அவன் கைக்குள்ளிருந்து வழுக்கிக்கொண்டு ஓடினார்கள். ஒருவன் ஓடியதில் ஆட்டமே போயிற்று. டோல்கேட்டில் இப்போது இலவசம் என்று உள்ளூர்ப் பத்திரிகை எழுதியது. இருபது டாலர் பனியன் வாசலில் எட்டுக்கு இறங்கியது. சொந்த ஊர்க் கூட்டம் அவனைப் பார்த்துக் கூச்சல் போட்ட அன்று, ராய்ஸ் ஹெல்மெட்டைக் கழற்றி, அவர்கள் கத்தி முடிக்கும்வரை முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றான். அடுத்த நாள் மறுபடி டேப் உருளையோடு வந்தான். பழைய டேப் கிழிந்துவிட்டிருந்தது.

டிசம்பரில் டொலீடோ லூயிவிலுக்குப் போனது. வைக்கோல் நிறத்தில் புல், மூச்சு விட்டால் புகை. ஆட்டத்துக்கு முந்தைய ஓட்டப் பயிற்சியின்போது கோர்ட் மேப்ரி மைதானத்தின் நடுக்கோடு வரைக்கும் நடந்து வந்தான். நான்கு வருஷம் ஒரே அறையில் தங்கியவர்கள். கோர்ட் பந்து பிடிக்கிறவன், முப்பத்திரண்டு வயது, ஒரு முட்டி ஏற்கெனவே ஆபரேஷன் கத்தி பட்டது.

"எங்க பையன் கால ஒடச்சிட்டு எங்க ஊருக்கே வந்து நிக்கிற. உன் தோலு கெட்டித் தோலுடா."

"வரலன்னா சம்பளம் தர மாட்டேங்கிறாங்க."

கோர்ட் சிரித்தான். பிறகு குனிந்து காலுறையை இழுத்து விட்டுக்கொண்டே, ராய்ஸின் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"மச்சான், எனக்கும் மார்ச்சுலதான் கையெழுத்து. இன்னிக்கி நான் நடுவுல வருவேன், நெறைய. மேல எடுத்துக்க. கால மட்டும் விட்டுடு. அபராதம் வந்தா பாதி என்னுது."

"எனக்கு இனிமே அபராதம் கெடையாது, வீட்லதான் உக்கார வெப்பாங்க. அதுல எப்படிப் பாதி எடுத்துப்ப?"

"உன் வீட்ல வந்து ரெண்டு நாள் கூட உக்காந்திருக்கேன். ரெனிட்டா சமையல் மறக்க முடியல."

"தல எனக்கு வேண்டாம்டா. முட்டியும் வேண்டாம்."

"அப்புறம் நடுவுல என்னதான்டா இருக்கு எங்கிட்ட?"

"அதைத்தான் நாலு வாரமா தேடிட்டிருக்கேன்," என்றான் ராய்ஸ்.

கடைசி இரண்டு நிமிஷம் வரை டொலீடோ நான்கு புள்ளி முன்னால் இருந்தது. கோர்ட் சொன்னபடியே நடுவில் வந்துகொண்டிருந்தான். மூன்று முறை ராய்ஸுக்கு முன்பாகவே வேறொருவன் அவனைச் சாய்த்திருந்தான். நான்காவது முறை நடுவில் யாருமில்லை. பந்து வீசுகிறவன் அவசரத்தில் உயர்த்திப் போட்டான். கோர்ட் எம்பினான். அவனுடைய வெள்ளைச் சட்டை விலாவோடு ஒட்டிக்கொண்டு மேலே ஏறுவதை, பெல்ட்டுக்கு மேலே ஒரு விரற்கடை கறுப்புத் தோல் தெரிவதை ராய்ஸ் ஓடிக்கொண்டே பார்த்தான். அவன் பந்தைப் பிடித்து இறங்கட்டும் என்று விட்டுவிடலாம். லீக்குக்கு அதில் ஒரு ஆட்சேபணையும் இல்லை, மேலாளருக்கும்கூட இருக்காது. ஒரு ஆட்டம் போகும், மார்ச் நிற்கும். கீழே போகலாம், நடுவர் பாராட்டுவார். ராய்ஸ் தலையை நிமிர்த்திக்கொண்டான், கைகளை விரித்தான், அந்த ஒரு விரற்கடை தோலுக்கு மேலே தோளைக் கொடுத்தான்.

கோர்ட்டுக்குப் பதினோரு வருஷப் பழக்கம். அடி வருகிறது என்று உடம்புக்குத் தெரிந்ததும் அது அவனைக் கேட்காமலே சுருண்டது. தலை தாழ்ந்தது, விலா இருந்த இடத்துக்கு முகம் வந்தது. ராய்ஸின் தோள் படவேண்டிய இடத்தில் பட்டது. பட்ட பிறகு, ஒரு கண்ணிமைப்பு கழித்து, இரண்டு ஹெல்மெட்டுகளும் ஓரத்தில் உரசி, தகரக் கதவு சாத்துகிற மாதிரிச் சத்தம் போட்டன. பந்து தனியாகத் துள்ளிப் போயிற்று. ராய்ஸ் கீழே கிடந்தபடியே ஆகாயத்தில் ஒரு மஞ்சள் துணி பறப்பதைப் பார்த்தான். வெகு நிதானமாகப் பறந்தது.

லூயிவில் கூட்டம் அவன் பரம்பரையைத் திட்டியது. பயிற்சியாளர் டுவோரக் தொப்பியைத் தரையில் எறிந்து, மறுபடி எடுத்து, மறுபடி எறிந்தார். ராய்ஸ் கையை ஊன்றி எழுந்தான். முழங்கால் போட்டுக்கொண்டு கோர்ட்டின் பக்கம் நகர்ந்தான். கோர்ட் மல்லாந்து கிடந்தான், கண் திறந்திருந்தது.

"டேய். இன்னிக்கி என்ன கெழம?" என்றான் ராய்ஸ். களத்துக்குள் ஓடி வரும் மருத்துவர்கள் கேட்கிற கேள்வி அது.

"சம்பளக் கெழம," என்றான் கோர்ட்.

அது கிண்டலா, பதில்தானா என்று ராய்ஸுக்குத் தெரியவில்லை. கோர்ட்டின் வாய் சிரித்தது. கண் கொஞ்சம் தாமதித்துச் சிரித்தது. மருத்துவர்கள் வருவதற்கு முன்பே அவன் ஒரு காலை மடக்கினான், பிறகு மற்றதை, கத்தி பட்ட முட்டியை முதலில் சோதித்துப் பார்த்து, அதன் மேல் எடையை வைத்தான். தாங்கியது. ஒரு முறை பக்கவாட்டில் சாய்ந்தான், ராய்ஸின் தோளைப் பிடித்துக்கொண்டான், நிமிர்ந்தான். மருத்துவர்கள் அவனை ஆளுக்கொரு பக்கம் பிடித்து அழைத்துக்கொண்டு போகும்போது, அவன் இடது கையைத் தூக்கி இரண்டு விரலைக் காட்டினான். இரண்டு நாள் வந்து உட்காருவதாகச் சொன்னதா, அல்லது மருத்துவர் எத்தனை விரல் என்று கேட்டதற்குப் பதிலா என்று இங்கிருந்து தெரியவில்லை.

நடுவர் ஒலிபெருக்கியில் ராய்ஸின் எண்ணைச் சொன்னார். பந்தைப் பதினைந்து கஜம் முன்னால் கொண்டுபோய் வைத்தார்கள், டொலீடோவின் எல்லைக்கு மிக அருகில். இன்னும் ஒரு நிமிஷம் நாற்பது வினாடி இருந்தது. பக்கத்தில் நின்ற இளவட்டக் காவல்காரன், இப்போது என்ன செய்வது பெருசு என்று கண்ணால் கேட்டான். நில் என்று கையைக் காட்டிவிட்டு, ராய்ஸ் தன் இடத்துக்குப் பின்னோக்கி நடந்தான். உறைந்த புல்லில் காலணி ஆணிகளைத் திருகி ஊன்றினான்; குளிரில் மூச்சு முன்னால் வெள்ளையாக நின்றது, அதற்குள் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. அடி ஒன்று. கொடி ஒன்று. பதினைந்து கஜம், அவர்கள் பக்கம் வரவு. லீக்குக்குத் தர வேண்டிய பாக்கி, புதன்கிழமை உறை வந்தால் தெரியும். மார்ச், எழுதாமல் விடப்பட்டது. விழுந்தவர்கள் இரண்டு பேர். எழுந்தவர்கள் இரண்டு பேர்.